பெயரைக் காக்கும் நூலும் ஆளைக் காக்கும் நூலும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் ஊர்கள் பலவற்றிலே சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் ஒரே வளவுக்குள் அமைந்திருப்பதைக் காணலாம். ஒருபுறம் நாளிதழ்கள் விரித்த நீள்மேசையும், நிறைந்தும் நிறையாததுமான ஓர் அலுமாரி நூல்களும். மறுபுறம் கரப்பந்தாட்ட வலையும், சுவரோரத் தட்டிலே தூசி படிந்த வெற்றிக்கிண்ணங்களும். நூலும் பந்தும் இவ்வாறு அண்டை அயலாக வாழ்வது எமது ஊர்களுக்கு வாய்த்த நற்பேறு என்றே சொல்லவேண்டும். ஆயினும், அந்த அலுமாரியில் இல்லாத ஒரு நூலைப் பற்றியும், அந்தக் கிண்ணங்களுக்குப் பின்னால் ஒளித்துவைக்கப்படும் ஓர் உண்மையைப் பற்றியும் இவ்வாரம் எழுத நேர்ந்திருக்கிறது. ஊன்றிப் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கூரையற்ற வீடுகளுக்கும் பற்றைமூடிய வயல்களுக்கும் திரும்பிய மக்கள் முதலிற் கிணறுகளை இறைத்தார்கள். பின்பு பாடசாலைகளைத் திறந்தார்கள். அதற்கடுத்து மைதானங்களைத் துப்புரவாக்கினார்கள். அதே காலத்தில், எவரும் அழையாமலே, கசிப்பும் கஞ்சாவும் ஊருக்குள் வந்து குடியேறின. பின்னர் ஹெரோயின் வந்தது. 'ஐஸ்' என்று இளைஞர் வழங்கும் மெத்தாம்பெற்றமைன் வந்தது. அந்நச்சை 5 கிராமுக்கு மேல் வைத்திருப்பார்க்கு மரண தண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்கலாமென 2022 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. சட்டத்தின் கடுமையை அளந்தாலே நோயின் பரப்பை ஒருவாறு உணரலாம். உற்றாரைப் பறிகொடுத்த ஒருவன் இரவிலே கண்மூடுவதற்காகக் குடிக்கத் தொடங்குவதும், தந்தையற்ற ஒரு மாணவன் கூட்டாளிகளின் பரிவுக்காகப் புகையை ஏற்பதும் ஒழுக்கக்கேடு என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடுவன அல்ல. போர் மனத்தில் விட்டுச்சென்ற புண்ணைப் பற்றி வைத்தியர் தயா சோமசுந்தரம் தமிழிலே எழுதிய 'மனவடு' என்னும் நூலின் தலைப்பே போதும், அப்பால் விளக்கம் வேண்டாம்.

இந்த நோயிலிருந்து மீள்வதைப் பற்றி உலகில் ஏராளமான நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. விளையாட்டு வீரர் தம் பெயர் கெட்டபின் அதனைச் சீர்செய்வதற்காக எழுதிய நூல்களும் ஏராளம். முன்னவற்றை ஆன்மிக நூல்களென்றும் பின்னவற்றை வாழ்க்கை வரலாறென்றும் புத்தகக் கடைகள் வகுத்து வைக்கின்றன. நடைமுறையில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. எது மனிதனைக் காக்க எழுந்தது, எது அவன் பெயரைக் காக்க எழுந்தது என்று பிரித்தறிவதே வாசகன் செய்யவேண்டிய வேலை.

எமது நாட்டோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 200 மீற்றர் ஓட்டத்திலே சுசந்திகா ஜயசிங்க மூன்றாவதாக வந்தார். 1948 இல் டங்கன் வைட் பெற்ற வெள்ளிக்குப் பின், 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த பதக்கம் அது. அவரோ 1998 இல் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, பின்பு அதிலிருந்து விடுவிக்கப்பட்டவர். பழிச்சொல்லின் வெம்மையை நன்கு அறிந்தவர். அன்று அவருக்கு முன்னே ஓடி முதலிடம் பெற்றவர் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ். ஜோன்ஸைப் பற்றியும் ஐயங்கள் எழுந்தபோது, 2004 இல் தன்வரலாறு ஒன்றை அவர் வெளியிட்டார். ஊக்கமருந்தைத் தாம் ஒருபோதும் தொட்டதில்லை என்று அந்நூலிலே பெரிய எழுத்துக்களிற் பொறித்திருந்தார். 2007 ஒக்டோபரில் நீதிமன்றின் முன் நின்று, உட்கொண்டது உண்மையே, விசாரணையாளரிடம் பொய்யுரைத்ததும் உண்மையே என்று ஒப்புக்கொண்டார். பதக்கங்கள் பறிக்கப்பட்டன, ஆறு மாதச் சிறையும் விதிக்கப்பட்டது. 2009 டிசெம்பரில் ஒலிம்பிக் குழு கூடி, சுசந்திகாவின் மூன்றாமிடத்தை இரண்டாமிடமாக உயர்த்தியது. ஓடியபோது கிடைத்திருக்கவேண்டிய வெள்ளி, ஒன்பது ஆண்டுகளின் பின் ஒரு மேசையைச் சுற்றியிருந்தவர்களின் தீர்மானத்தால் வந்து சேர்ந்தது. அரங்கின் ஆரவாரத்தை எந்தத் தீர்மானத்தால் திருப்பிக் கொடுப்பது?

மரியன் ஜோன்ஸ் 2010 இல் இரண்டாவது நூலொன்றை எழுதினார். வீழ்ச்சி, சிறை, இறைநம்பிக்கை, மன்னிப்பு என்பன அதன் பொருள். முதல் நூலை எழுதிய அதே கை, ஆறு ஆண்டுகளின் பின் இரண்டாவதையும் எழுதியது. அதனை நம்பலாமா? நம்பலாகாது என்பதற்கு முதல் நூலே சான்று என்பார் உளர். நாம் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டோம். முதல் நூலை எழுதியபோது காத்துக்கொள்வதற்கு அவரிடம் ஐந்து பதக்கங்கள் இருந்தன. இரண்டாவதை எழுதியபோது ஒன்றும் இல்லை. இழப்பதற்கு ஏதுமற்றவனின் சொல்லுக்கு ஒரு தனி எடை உண்டு. ஆயினும், அட்டையிலே அவர் பெயர் இன்னும் பெரிதாகத்தான் இருந்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

லான்ஸ் ஆம்ஸ்ரோங் என்ற சைக்கிளோட்ட வீரரின் கதை பலரும் அறிந்தது. ஆதலாற் சுருக்கமாகச் சொல்லி அப்பாற் செல்வோம். புற்றுநோயை வென்று, பிரான்சைச் சுற்றும் பெரும்போட்டியிலே 1999 முதல் 2005 வரை ஏழுமுறை வென்றவரெனப் போற்றப்பட்டவர். 2000 இல் வெளியான அவரது தன்வரலாறு உலகெங்கும் நோயாளரின் தலைமாட்டில் இருந்தது. 2012 இல் அவ்வெற்றிகள் யாவும் நீக்கப்பட்டன. 2013 சனவரியில் தாமே தொலைக்காட்சியில் தோன்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதன்பின் நடந்ததே இலக்கிய வாசகருக்குச் சுவையானது. மெய்யென்று விற்கப்பட்ட நூல் கட்டுக்கதையாயிற்று, எம் பணத்தைத் திருப்பித் தருக என்று கலிபோர்னிய வாசகர் சிலர் வழக்குத் தொடுத்தனர். பேச்சுச் சுதந்திரத்தின் பாதுகாப்பு அந்நூலுக்கு உண்டென அவ்வாண்டே நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டப்படி அது சரியாயிருக்கலாம். படுக்கையிற் கிடந்து அந்நூலைப் படித்துத் தைரியம் கொண்டவனின் தைரியம் பொய்யா, மெய்யா என்ற கேள்வியை எந்த நீதிபதியும் விசாரிக்கவில்லை. அது எமது துறைக்குரிய கேள்வி.

இனி மற்றைய வகைக்கு வருவோம். 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அக்றன் நகரிலே பில் வில்சன் என்ற பங்குத்தரகரும் பொப் ஸ்மித் என்ற வைத்தியரும் சந்தித்தார்கள். இருவரும் குடியினால் அழிந்துகொண்டிருந்தவர்கள். ஒரு குடிநோயாளனுக்கு இன்னொரு குடிநோயாளனே மருந்து என்பதை அவர்கள் தற்செயலாகக் கண்டார்கள். அவர்களின் கூட்டத்திலிருந்து பிறந்த சங்கமும், 1939 இல் அது வெளியிட்ட நூலும் ஒரே பெயரைக் கொண்டன: அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ், தமிழிலே சொல்வதானால், பெயர் கூறாக் குடிநோயாளர். அந்நூலின் அட்டையிலே ஆசிரியர் பெயர் இல்லை. உள்ளே தம் கதையைச் சொல்வோரின் பெயர்களும் இல்லை. தன் வலியினால் வெல்ல இயலாது என்று ஒப்புதல், தன்னினும் பெரிய ஒன்றைச் சார்தல், தன் குற்றங்களைக் கணக்கெடுத்து இன்னொரு மனிதனிடம் வாய்விட்டுச் சொல்லுதல், தீங்கிழைக்கப்பட்டோரைத் தேடிச்சென்று ஈடுசெய்தல், பின்பு இதே துன்பத்திலுள்ள பிறனுக்கு உதவுதல் எனப் பன்னிரண்டு படிகளாக அந்நூல் செல்லும். அந்தப் 'பெரிய ஒன்று' எதுவென அது வரையறுப்பதில்லை. அவரவர் அறிந்தவாறு கொள்க என்று விட்டுவிடுகிறது. ஆகவேதான் பல சமயத்தாரும், சமயமற்றோரும் அதனுட் புக முடிந்தது.

இந்த இயக்கத்தின் வேரைத் தேடினால் சுவிற்சர்லாந்தின் உளவியலறிஞர் கார்ல் யுங்கிடம் போய் நிற்கும். தம்மிடம் வந்த ஒரு குடிநோயாளருக்கு, மருத்துவத்தால் இனி ஆவதொன்றில்லை, ஆழ்ந்த ஆன்மிக அனுபவமொன்றே உம்மைக் காக்கலாம் என்று அவர் கூறியிருந்தார். 1961 சனவரியில், தம் இறுதி ஆண்டிலே, பில் வில்சனுக்கு எழுதிய கடிதத்தில், இலத்தீன் மொழியிற் சாராயத்தையும் உயர்ந்த ஆன்ம அனுபவத்தையும் ஒரே சொல்லாற் குறிக்கிறார்கள் என்பதைச் சுட்டிக்காட்டினார். இதனைப் படித்து வியக்கும் நண்பர்களிடம் நாம் கேட்பது, எமது தமிழை எப்போது திறந்து பார்த்தீர்கள் என்பதே. சங்க நூல்களிலே 'மகிழ்' என்பது மகிழ்ச்சியையும் குறிக்கும், கள்ளையும் குறிக்கும். 'தேறல்' என்பது தெளிந்த கள். நோயிலிருந்து மீள்வதும் தேறுதலே. துயருற்றவனுக்கு ஆறுதல் சொல்வதும் தேறுதலே. திருக்குறளிற் கள்ளுண்ணாமை ஓர் அதிகாரம். திருமந்திரத்தின் முதலாந் தந்திரத்திலும் அதே தலைப்பில் ஒரு பகுதி உண்டு. வள்ளுவர் குடிப்பவனின் இழிவை எடுத்துக்காட்டித் தடுக்கிறார். திருமூலரோ ஒருபடி அப்பாற் சென்று, சிவானந்தத்தையே தேறலென்று சொல்லி, அதனை உண்டவனுக்கு இது வேண்டுவதில்லை என்கிறார். சூரிச் நகர அறிஞர் இலத்தீனிலே கண்டதும் இதுவே. இதனைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இத்துணைச் சொல்வளம் கையிலிருந்தும், இந்நோயிலிருந்து மீண்ட ஒருவர் தம் கதையை எளிய தமிழிலே சொல்லும் நூலொன்று எமது ஊர் அலுமாரியில் இல்லை என்பதற்காகவே சொல்கிறோம்.

பெயர் கூறாமை என்ற விதி வெட்கத்தினாற் பிறந்தது என்று எண்ணுவோர் உளர். தொடக்கத்தில் ஓரளவு அப்படித்தான். அது கொள்கையாக முதிர்ந்ததற்கு ஒரு விளையாட்டு வீரரே காரணமானார். றொலி ஹெம்ஸ்லி என்பவர் கிளீவ்லண்ட் நகரின் பேஸ்போல் அணியிலே பந்தைப் பிடிப்பவர். குடித்துக் கூத்தடிப்பதிலும் பெயர்பெற்றவர். 1940 ஏப்பிரலில், பருவத்தின் முதல் ஆட்டத்திலே, பொப் ஃபெலர் எதிரணிக்கு ஓர் அடியும் விட்டுக்கொடாமல் பந்தெறிந்து பெரும்புகழ் ஈட்டியபோது, மறுமுனையிற் பந்துகளைப் பிடித்தவர் இவரே. வெற்றிக்குரிய அந்த ஒரே ஓட்டத்தைப் பெற்றுக்கொடுத்த அடியும் இவருடையதே. அவ்வாண்டிலேதான், தாம் குடியை விட்டது இன்ன சங்கத்தினால் என்று செய்தியாளரிடம் பெயரோடும் படத்தோடும் வெளியிட்டார். நாடெங்கும் செய்தி பரவியது. சங்கத்தை நாடி மக்கள் வந்தனர். நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுந்தான். ஆனால், பில் வில்சனுக்கு ஓர் அரிப்பு உண்டாயிற்று. தாமும் ஊர் ஊராகச் சென்று பேட்டியும் படமும் கொடுக்கத் தொடங்கினார். சிறிது காலத்தில் தம்மைத் தாமே கையும் மெய்யுமாகப் பிடித்துக்கொண்டு, இதுவும் ஒரு வெறியே என்று உணர்ந்தார். 1950 இல் அச்சங்கம் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில், பத்திரிகை, வானொலி, திரைப்படம் ஆகியவற்றின் முன்னிலையிலே பெயரை வெளியிடலாகாது என்பது உறுதியாயிற்று. புகழ்பெற்ற ஒருவன் மீண்டும் வழுக்கினால் உலகம் மருந்தையே பழிக்கும் என்பது ஒரு காரணம். புகழும் மதுவைப்போலத் தலைக்கேறும் என்பது ஆழமான காரணம்.

இந்த இடத்தில் எம்மோடு வாதாட விரும்புவோர்க்கு ரொனி அடம்ஸ் கைகொடுப்பார். இலண்டன் ஆர்சனல் அணியின் சின்னத்தை எமது ஊர்ப் பையன்களின் மேற்சட்டையிலும் காணலாம். அவ்வணியின் தலைவராயிருந்தவர் அவர். குடிபோதையில் வாகனம் செலுத்தியமைக்காக 1990 டிசெம்பரிற் சிறை சென்றவர். 1996 இற் குடியை விட்டு, இங்கிலாந்து அணியின் தலைவர் என்ற பதவியிலே இருந்தவாறே தம் நோயைப் பகிரங்கமாகச் சொன்னார். 1998 இல் நூலாகவும் எழுதினார். பெயரை மறைக்கவில்லை. ஆனால், அவர் அத்தோடு நின்றாரில்லை. 2000 இல், போதையிலும் சூதாட்டத்திலும் சிக்கிய வீரர்களுக்கென ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவினார். அவரது நூல் எந்த வகையைச் சேர்ந்ததென்று அந்த நிலையத்தின் கதவினூடே நுழைந்து வெளிவந்தவர்களைத்தான் கேட்கவேண்டும். பெயரைச் சொல்வதும் சொல்லாமையும் அல்லப் பிரச்சினை. சொல்லும்போது யாருடைய வயிற்றில் பால் வார்க்கப்படுகிறது என்பதே.

தமிழிலே இதற்கு முன்னோடிகள் இல்லையா? கவிஞர் கண்ணதாசன் 'வனவாசம்' என்னும் தம் வரலாற்றிலே, தம்மையே 'அவன்' என்று படர்க்கையில் நிறுத்தித் தம் குறைகளை எழுதினார். பின்னாளில் 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதியவரும் அவரே. ஆனால், அவற்றை நாம் படித்த விதம் வேறு. கவிஞனுக்கு அது தகும் என்று ஒதுக்கி, அவர் பலவீனத்தையும் அழகாக்கிக்கொண்டோம். எத்தனையோ இளங்கவிஞர் அவர் கவிதையை விட்டுக் கோப்பையைப் பின்பற்றியதையும் பார்த்தோம். அடியார் மரபிலோ தன்னைத்தானே நொந்துகொள்ளும் பாடல்களுக்குக் குறைவே இல்லை. நாயேன் என்றும் பேயேன் என்றும் இறைவன்முன் சொல்லிவிடுகிறோம். அயலவன்முன் மட்டும் சொல்லமாட்டோம். கடவுளிடம் ஒப்புக்கொள்வதோடு இன்னொரு மனிதனிடமும் ஒப்புக்கொள் என்று அக்றன் நகரத்தார் சேர்த்த அந்தச் சிறு நிபந்தனையிலேதான் நாம் தடுக்கி விழுகிறோம்.

தடுக்கி விழாத ஒருவரைத் தமிழகத்திற் காணலாம். இந்திய நிதியமைச்சராயிருந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரனான ரங்கநாதன் குடிநோயால் இளவயதிலே மறைந்தார். அத்தகைய குடும்பங்களில் இப்படிப்பட்ட மரணத்துக்கு வேறொரு நோயின் பெயரைச் சூட்டி மூடிவிடுவது உலக வழக்கம். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அவ்வாறு செய்யவில்லை. 1980 இற் சென்னையிலே குடிநோயாளர் சிகிச்சைக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அதற்குக் கணவரின் பெயரையே இட்டார். அங்கே நோயாளனுக்கு மட்டுமன்றி அவன் குடும்பத்துக்கும் சிகிச்சையிலே பங்கு உண்டு. 1992 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. எதை மறைப்பதால் குடும்பத்தின் பெயர் காக்கப்படும் என்று ஊர் நினைத்ததோ, அதனை வெளிப்படுத்தியதால் அப்பெயர் வைத்தியசாலையின் வாயிலில் நிற்கிறது.

இனி வன்னிக்குத் திரும்புவோம். இங்கே ஒரு சொல் எமக்கு இடையூறாக நிற்கிறது. போதையிலிருந்து மீட்பதற்கு அரசு வழங்கும் சொல் 'புனர்வாழ்வு'. வேறெந்த மாவட்டத்திலும் அது வெறுஞ் சொல். வன்னியிலே அப்படியன்று. போர் முடிந்தபின் முன்னாட் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்றால், புனர்வாழ்வுக்கு. வவுனியா பூந்தோட்டத்து முகாமின் பெயர்ப்பலகையிலும் அச்சொல்லே இருந்தது. கிழமைதோறும் அதன் வாயிலிற் காத்துநின்ற தாய்மாருக்கு அச்சொல் எதைக் குறிக்கும்? பொலனறுவை கந்தக்காட்டிலே இராணுவத்தின் பொறுப்பிலிருந்த போதைப் புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததும், நூற்றுக்கணக்கானோர் வேலியுடைத்து ஓடியதும் செய்தியாக வந்தன. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம், இருந்தவாறே நிறைவேறினால் அரசியலமைப்புக்கு முரணாகுமென உயர் நீதிமன்றம் கூறியது. திருத்தங்களோடு 2023 சனவரியில் நிறைவேறியது. இந்நிலையில், மகன் புனர்வாழ்வுக்குப் போகட்டும் என்று ஒரு வன்னித் தாய் எளிதிற் சொல்வாளென எதிர்பார்க்கலாமா? சொல்லை மாற்றுவதால் நோய் மாறிவிடாது என்பதை அறிவோம். ஆயினும், தேறுதல் என்ற எம் பாட்டிமாரின் சொல் இருக்கையில் வாயிற்காவலனின் சொல்லை ஏன் சுமக்கவேண்டும்? "இப்ப தேறியிட்டான்" என்று ஒரு பிள்ளையைப் பற்றி ஊர் சொல்லுமானால், அதிலே பழைய குற்றத்தின் நாற்றம் இல்லை. காய்ச்சலிலிருந்து எழுந்தவனுக்குக் கஞ்சி கொடுப்பவரின் குரல் இருக்கிறது.

விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கார்த்திகையில் மாலையணிந்து மண்டல விரதம் காக்கும் குடிகாரரை நாம் எல்லோரும் அறிவோம். வற்றாப்பளை அம்மனுக்கோ மடு மாதாவுக்கோ நேர்த்தி வைத்து மாதக்கணக்கில் ஒரு சொட்டும் தொடாதவர்களும் உளர். மாலை கழன்ற அன்றே போத்தலும் திறக்கப்படும். இதனைக் கண்டு பக்தியைப் பரிகசிப்பது எளிது. நாம் அதற்கு உடன்படோம். நாற்பத்தொரு நாள் இருக்க முடிந்தவனிடம் வலிமை இல்லையென்று யார் சொல்வார்? குறை விரதத்தில் இல்லை, அதற்கு ஒரு முடிவுத் திகதி உண்டென்பதில் இருக்கிறது. பெயர் கூறாச் சங்கத்தார் ஆண்டு, மாதம் என்று சபதம் செய்வதில்லை. இன்று ஒரு நாள் குடிக்கமாட்டேன் என்பதோடு நிற்பார்கள். நாளை மறுபடி அதே சொல். அவர்களின் விரதத்துக்கு மாலை கழற்றும் நாளே கிடையாது. இதனை எமது குருக்கள்மாரும் பாதிரிமாரும் தத்தம் மொழியிலே சொல்லத் தொடங்கினால், பிறநாட்டு நூலொன்றை மொழிபெயர்ப்பதினும் அது பெரிய தொண்டாகும். ஆனால், நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் சட்டென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே கேடு நேரலாம். முதல் நாட்களில் அவனுக்கு வேண்டியது கோவிலன்று, வைத்தியசாலை. ஆன்மிக நூல் எழுதுவோர் இந்த ஒரு வரியை விட்டுவிடலாகாது.

பாடசாலைகளைப் பற்றிச் சொல்லத் தயக்கமாயிருக்கிறது. எனினும், இவ்விதழின் வாசகரிற் பாதிப்பேர் ஆசிரியர்கள். மாணவன் ஒருவன் அகப்பட்டதும் பாடசாலையின் நற்பெயரைக் கருதிச் சத்தமின்றி விடுகைப் பத்திரம் எழுதிக் கையிற் கொடுப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அவன் அடுத்த பாடசாலைக்குப் போகிறான், அங்கிருந்து அடுத்ததற்கு, பின்பு ஒன்றுக்கும் போவதில்லை. பாடசாலையின் பெயர் காக்கப்பட்டது. விளையாட்டுக் கழகங்களின் கணக்கு வேறுவிதம். அஞ்சலோட்டத்தில் இறுதியாக ஓடுபவன், கோல் காப்பவன் என்றால் போட்டி முடியும்வரை எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கிண்ணம் வந்தபின், அல்லது அவன் கால்கள் தளர்ந்தபின், பெயர்ப்பட்டியலிலிருந்து அவன் காணாமற் போவான். காற்சட்டையும் பாதணியும் வாங்கியனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளுக்குச் செய்தி போய்விடக்கூடாதே என்ற கவலையும் இதிலே கலந்திருக்கிறது. மது, புகையிலை நிறுவனங்கள் விளையாட்டுக்குப் பணம் கொடுத்து விளம்பரம் தேடுவதை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தது. 21 வயதுக்குட்பட்டோருக்கு இவற்றை விற்பதையும் தடைசெய்தது. இறுதியாட்டத்தின் இரவில், வென்ற அணிக்கு ஊர்ப்பெரியவர் ஒருவர் வாங்கிக்கொடுக்கும் போத்தலை எந்த இலக்கச் சட்டம் தடைசெய்யும்?

எமது தொழிலையும் இதிலிருந்து விலக்கிவைப்பதற்கில்லை. 'போதைப்பொருளுடன் இளைஞன் கைது' என்று ஊரையும் வயதையும் அச்சிடும் பத்திரிகைகள், சில மாதங்களின்பின் அவ்விளைஞன் விடுவிக்கப்பட்டாலோ, சிகிச்சை பெற்றுத் தேறி உழவுக்கும் வேலைக்கும் திரும்பினாலோ ஒரு வரியும் எழுதுவதில்லை. ஐந்து பதக்கம் பெற்றவருக்குத் தம் பெயரைத் திருத்தியமைக்க இரண்டாவது நூல் எழுத வசதியுண்டு, பதிப்பாளரும் கிடைப்பார். விசுவமடுவிலோ நெடுங்கேணியிலோ இருக்கும் ஒருவனுக்கு அவன் பெயரைத் திருத்த யார் உளர்? பத்து ஆண்டு குடியாதிருந்தாலும் தெருவில் அவன் இன்ன குடிகாரனின் மகன், அவன் மகள் இன்ன குடிகாரனின் மகள். பெண் கேட்டு வருபவர்கள் முதலில் விசாரிப்பதும் அதனையே.

வன்னி எழுதாத நிலமன்று. தண்ணிமுறிப்பை 'நிலக்கிளி'யிலே நிலைபெறச் செய்த பாலமனோகரனும், குடியேற்றக் கிராமங்களின் உழைப்பைக் கதைகளாக்கிய தாமரைச்செல்வியும் இம்மண்ணின் எழுத்தாளரே. பசியையும் காட்டையும் இடப்பெயர்வையும் எழுதிய பேனைகளுக்கு இதனை எழுதும் ஆற்றல் இல்லாதிருக்காது. ஆனால், இக்கதையை எழுத்தாளர் முதலிற் சொல்வதினும், இந்நோயின் வழியே நடந்து வந்தவர்கள் சொல்வதே முறை. மொழி செப்பமாயிருக்க வேண்டியதில்லை. இறைவனைப் பற்றி எழுதவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. அவர்களின் தேறுதலிலே இறைவன் வந்திருந்தால் எழுத்திலும் வருவார். மனைவியர் எழுதலாம், தாய்மார் எழுதலாம், தம் அணியிலிருந்து ஒருவனை வெளியேற்றிவிட்டு உறங்க முடியாதிருக்கும் பயிற்றுநரும் எழுதலாம்.

அத்தகைய எழுத்துக்களுக்கு இவ்விலக்கியப் பகுதியிலே மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு பக்கத்தை ஒதுக்கத் தீர்மானித்திருக்கிறோம். எழுதுவோரின் பெயரோ, ஊரோ, பாடசாலையோ, கழகமோ அச்சில் வராது. அனுப்புவோர் அவற்றை எமக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை. பிறருடைய பெயர்களையும் அவ்வாறே தவிர்த்து எழுதுக. கையெழுத்துப் பிரதியே போதும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி அனுப்பினால் அச்சுக்கோப்போருக்கு உதவியாயிருக்கும். கிடைப்பவற்றுட் சிறந்தவை நூலாகத் தொகுக்கப்படுமானால், அதன் அட்டையிலும் எவர் பெயரும் இடம்பெறாது. முதற் பிரதிகள் வன்னியின் சனசமூக நிலையங்களுக்குச் செல்லும்.